இருபது நொடி பிந்தி

பந்தயக் களத்தின் ஓரத்துத் தகரக் கொட்டகையில், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறாள் மெக்கானிக்கின் தங்கை. ஒவ்வொரு காராக ஓடவிட்டு நேரம் பார்க்கும் பந்தயம்; களத்தில் இப்போது தனியாக ஓடுவது அவள் புருஷனின் கார். காருக்குள்ளிருந்து நேரலை வருகிறது. களத்தில் நடப்பது போனுக்கு இருபது நொடி பிந்தித்தான் வந்துசேரும். கால்மாட்டைப் பார்க்கிற அந்தக் கேமராவைக் காலையில் மாட்டியதே மெக்கானிக்தான். திரையில் மாப்பிள்ளையின் கால்கள் பெடல்களின் மேல் துள்ளுகின்றன. “வீட்ல ஒரு சட்டையை மடிச்சு வைக்க வளையாத உடம்புண்ணே, இங்க என்ன ஆட்டம் ஆடுது பாரு!” என்று பக்கத்தில் நின்று திரையைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் சொல்லி உரக்கச் சிரிக்கிறாள். இன்ஜின் சத்தத்தில் கொட்டகைத் தகரமே அதிர்கிறது. அப்போது திரையில் கார் சாய, இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு ஸ்பேனர் வழுக்கி வருகிறது. பிடியில் சிவப்பு டேப். மெக்கானிக்கின் கிரீஸ் கை தன்னால் சட்டைப்பைக்குப் போகிறது. பை காலி. கேமராவை முடுக்கிய ஸ்பேனர் அதுதான். அது தரையைத் தேய்த்துக்கொண்டு போய் பிரேக் பெடலுக்கு அடியில் செருகிக்கொண்டு நிற்கிறது. “என்னண்ணே அது, மினுமினுன்னு?” மேசைமேல் கிடக்கும் வாக்கிடாக்கிக்கு அவன் கை நீளுகிறது. அதற்குள் வெளியே இன்ஜின் சத்தம் பட்டென்று நின்றுபோகிறது. தகரம் அதிர்வதும் நின்றுவிட்டது. தங்கை போனைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. “இந்த வளைவைத் தாண்டிட்டாருன்னா ஜெயிச்ச மாதிரிதாண்ணே,” என்கிறாள். போனுக்குள் மாப்பிள்ளையின் கால் இப்போதுதான் பிரேக்கை மிதிக்க எழும்புகிறது.