ராடு இல்லாத ஃபேன்

முதலாளி வீட்டு மாடி அறை. குதித்தால் கூரை கைக்கு எட்டிவிடும்.

"உங்க உயரத்துக்குச் சின்ன ராடு ஃபேனே போதுங்க" என்றான் எலக்ட்ரீஷியன்.

"எனக்குப் போதும். அவருக்கு இடிக்கும். ராடே இல்லாம மாட்டுங்க" என்றாள் முதலாளியின் மகள். சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாட்டிவிட்டு இறங்கினான்.

"அதுக்குக் கீழ நின்னு பனியன் போடற மாதிரி கையைத் தூக்குங்க."

தூக்கினான். இறக்கையில் படவில்லை.

"அப்பாடா. கல்யாணத்துக்கப்புறம் நாங்க இருக்கப்போற ரூம். அப்பா இன்னிக்குக் காலையிலதான் சரின்னார்."

அவன் முகம் தொங்கிப்போனது. இத்தனை நாள் இவளிடம் வாய் திறக்காதது தப்பாகிவிட்டது.

"மாப்பிள்ளை என் உயரமா?"

"அச்சு அசல்."

"நான் பார்த்திருக்கேனா?"

"தினமும் தலை சீவுறப்போ கண்ணாடியில பார்ப்பீங்களே."