உதட்டில் கேட்ட பாட்டு

தியேட்டர் இருட்டில் அவர் திரையைப் பார்ப்பதைவிடப் பக்கத்தில் இருக்கும் மனைவியின் உதடுகளைத்தான் அதிகம் பார்க்கிறார். இருவரும் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். அந்த இரைச்சலில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. உதட்டை அசைத்தால் எதிர்த்தறிக்காரர் புரிந்துகொள்வார். அந்த இரைச்சலே கடைசியில் அவர் காதைக் கொண்டுபோய்விட்டது. ஆட்டமும் பாட்டுமான ஒரு படத்தைத் தியேட்டரில் இருவரும் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மகள் பிடிவாதமாக அனுப்பி வைத்திருக்கிறாள். திரை வெளிச்சம் மனைவியின் முகத்தில் நீலமாகவும் மஞ்சளாகவும் விழுகிறது. பாட்டின் வரிகளை அவள் சத்தமில்லாமல் அவருக்குச் சொல்லிக்கொண்டே வருகிறாள். திரையில் ஒரு பெண் ரயிலோடு ஓடுகிறாள். அழ வேண்டிய நேரத்தில் பாடுகிறாளே, பைத்தியமா என்று தோன்றுகிறது அவருக்கு. 'போகாதே' என்கின்றன மனைவியின் உதடுகள். மறுபடியும் 'போகாதே'. "என்னடி இது, சொன்னதையே எத்தனை தடவ சொல்லுவா?" என்று அவர் கேட்பது தியேட்டர் முழுக்கக் கேட்கிறது. முன்வரிசை திரும்பி முறைக்கிறது. அவள் அவர் கையை அழுத்துகிறாள். "பாட்டுல எத்தனை தடவ வேணும்னாலும் சொல்லலாம் போலங்க. நான்தான் நம்ம பையன்கிட்ட ஒரு தடவையோட விட்டுட்டேன்" என்று உதட்டாலேயே சொல்கிறாள். கப்பல் வேலைக்குப் போன மகனின் உடல்கூடத் திரும்பி வரவில்லை. அவர் திரையைப் பார்க்கிறார். ரயில் போய்விட்டது, ஏதோ ஒரு வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே சிரிக்கிறார்கள், யாரும் பாடவில்லை. மனைவி பக்கம் திரும்புகிறார். அவள் உதடுகள் இன்னும் 'போகாதே' என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றன.