ஒண்டி அழைத்த விருந்தாளி

பேருந்து நிலையக் கணினி ஒன்றில் ஒண்டி என்ற டிக்கெட் புரோகிராம் இருந்தது. ஒரு டிக்கெட்டை அடித்து முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடும். தனி ஆள் என்பதால், எந்த இருக்கை யாருக்கு என்று குறிக்கும் இருக்கைப் பலகைக்குப் பூட்டே போட்டதில்லை.

அன்று பண்டிகைக் கூட்டம். பாதி வேலையில் ஒண்டிக்கு மூச்சு முட்டியது. எந்தப் புரோகிராமுக்கும் உதவிக்குப் போகும் சிட்டு என்ற துணை நிரலை, அதாவது லைப்ரரியை, கூப்பிட்டது. "கொஞ்சம் கைகொடுடா சிட்டு!"

சிட்டு துள்ளிக்கொண்டு வந்தது. கூடவே அதன் தம்பிகள் நாலு பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் பலகையில் கைவைத்தார்கள். ஒரே இருக்கை மூன்று பேருக்குப் போனது. பேருந்துக்குள் சண்டை மூண்டது. கணினி திணறி நின்றுவிட்டது.

"உன்னை மட்டும்தானே கூப்பிட்டேன்?" என்றது ஒண்டி.

"நான் என்னைக்குத் தனியா வந்திருக்கேன்? பூட்டு இருக்கும்னு நம்பித்தான் இவங்களைக் கூட்டிட்டு வந்தேன்," என்றது சிட்டு.

ஒண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணினி மறுபடி உயிர்பெற்றதும், ஒண்டி முதல் வேலையாக, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே கைவைக்கும்படி பலகைக்குப் பூட்டு மாட்டியது. அப்புறம்தான் ஐந்து பேரையும் அழைத்தது. டிக்கெட்டுகள் மளமளவென்று வந்தன.

அவசரக்காரக் கடைக்குட்டி பூட்டைத் தட்டியது.

"இருடா, உள்ளே உங்க அண்ணன் இருக்கான்," என்றது ஒண்டி, பெரிய குடும்பத்துக்காரனைப் போல.