கோட்டைத் தாண்டிய கழுதை

கூடைப்பந்து ஆட்டம் முடியப்போகும் நேரம். எதிரணி முயல் இடித்ததில் அணில் விழுந்து காலைப் பிடித்துக்கொண்டது. நடுவர் கொக்கு விசில் ஊதி, யாரும் தடுக்காமல் கூடைக்குள் எறிய அணிலுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தது.

பெஞ்சில் இருந்த ஒரே மாற்று ஆள் கழுதை. ஒரு ஆட்டத்திலாவது இறங்கிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தது. தண்ணீர் பாட்டிலோடு ஆடுகளத்தின் ஓரக் கோடு வரை ஓடி வந்தது.

"உள்ளே கால் வைக்காதே. உதவிக்கு யாராவது வந்தா என்னை வெளியே அனுப்பிடுவாங்க," என்றது அணில்.

கழுதை நின்றது. அணில் எழுந்து, தடுமாறி, மறுபடியும் விழுந்தது. கழுதை கோட்டைத் தாண்டிப் போய் அதை முதுகில் ஏற்றிக்கொண்டது.

"நீ ஆடணும்னுதானே வந்தே?" என்று அணில் அழுதது.

"நீ விழுறதைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியலைப்பா."

"அணில் வெளியே. அதோட ஃப்ரீ த்ரோவை இனி நீதான் போடணும்," என்றது கொக்கு.

அணிலைப் பெஞ்சில் இறக்கிவிட்டு வந்து கழுதை எறிந்த முதல் பந்து கூடைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. வெட்கத்தோடு பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. பெஞ்சில் யாரும் இல்லை. அணில் நொண்டிக்கொண்டே கோடு வரை வந்து, அந்தத் தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்தபடி ஒற்றைக்காலில் நின்றிருந்தது.

"இன்னொண்ணு இருக்குல்ல," என்றது. "நிதானமாப் போடு."