ஃபிளாஷ் இல்லாமல்

குறைமாதத்தில் பிறந்த மகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஃபிளாஷ் போடக் கூடாது என்றாள் நர்ஸ். கல்யாண வீடுகளில் படமெடுக்கும் எட்வின், குறைந்த வெளிச்சத்திலும் படம் விழ, கேமராவின் ஒளியுணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓவை உச்சத்துக்கு ஏற்றி எடுத்தான். கீழ்த்தளத்தில் தையலோடு படுத்திருந்த மனைவி மெர்லினிடம் ஓடிவந்து காட்டினான்.

“ஏங்க, பிள்ளை மேலெல்லாம் என்ன பொரிபொரியா?”

“வெளிச்சம் பத்தாம கேமராவுல விழுற புள்ளி. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல.”

“பொய் சொல்றீங்க. அசையவே இல்லியே!”

படம் எப்படி அசையும் என்று அவன் கேட்கவில்லை. மறுபடியும் மாடியேறினான். ஐஎஸ்ஓவைக் குறைத்து, ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்துவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தான். புள்ளிகள் போய்விட்டன. ஆனால் பிள்ளையின் வலது கை மட்டும் புகைபோலக் கலைந்திருந்தது. இன்னொன்று எடுக்க நர்ஸ் விடவில்லை.

தயங்கியபடியே கேமராவை நீட்டினான். மெர்லின் அந்தக் கலங்கலின்மேல் விரலை வைத்தாள்.

“கையை ஆட்டுறா,” என்றாள்.