நேற்றுப் பிடித்த தண்ணீர்

“அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க” என்றாள் சுலோச்சனா.

சமையலறைக் குழாயைத் திறந்து உள்ளங்கையைக் குவித்திருந்த நீரஜா அப்படியே நிமிர்ந்தாள்.

“இன்னிக்கு லாரித் தண்ணி. நீங்க வர்றீங்கன்னு காலையில பாய் தொட்டியில ஏத்தி வெச்சிருக்காரு. நல்லாத்தான் இருக்கும்.”

வாசலில் நின்ற தரகர் மெஹபூப் பாஷா நெற்றியில் அடித்துக்கொண்டார். “இன்னாக்கா நீ... கொஞ்ச நேரம் கம்முனு இருக்க மாட்டியா?”

சுலோச்சனா அதைக் காதில் வாங்கவில்லை. மேடை ஓரத்தில் மூடிவைத்திருந்த ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து நீட்டினாள். “இது நேத்துப் புடிச்ச போர்த் தண்ணி. இதைக் குடிச்சுப் பாருங்க.”

டம்ளரின் உட்புறம் துருநிறத்தில் ஒரு வளையம். நீரஜா ஒரு வாய் குடித்தாள். ஆணியைச் சப்பியது போல இருந்தது.

ஏழு மாதத்தில் இது இருபத்துமூன்றாவது வீடு.

மந்தைவெளியில் அவர்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள். தைக்குள் காலி செய்தாக வேண்டும். பன்னிரண்டு வருடச் சேமிப்பும் இருபது வருடத்துக்கான வங்கிக் கடனும் ஒரே கையெழுத்தில் போய்விடும். தப்பான வீட்டில் போய்விட்டால், அவ்வளவுதான்.

போன ஆவணியில் பெசன்ட் நகரில் ஒரு வீடு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. மழை பெய்தால் அங்கே குளியலறை வழியாகச் சாக்கடை மேலேறி வரும் என்று, மாடியில் இருந்தவர் முன்பணம் கொடுக்கப்போன நேரத்தில்தான் சொன்னார். விற்றவர் சிரித்த முகமாக மூன்று முறை காபி கொடுத்தவர். அன்றிலிருந்து நீரஜாவுக்குச் சிரித்த முகத்தைக் கண்டாலே பயம்.

சுலோச்சனா ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

கோட்டூர்புரத்தில், ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தரைத்தளம். கூடத்தில் தொங்கிய தினசரிக் காலண்டரைச் சுலோச்சனா ஒதுக்கிக் காட்டினாள். சுவரில், இடுப்புயரத்தில், ஒரு பென்சில் கோடு.

“ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளம். இதுவரைக்கும் வந்துச்சு. அப்புறம்தான் ப்ளக்கையெல்லாம் மேல ஏத்தினோம்.”

அப்போதுதான் நீரஜா கவனித்தாள். எல்லாச் சுவரிலும் மின் இணைப்புகள் தோளுயரத்தில் இருந்தன.

குடிக்க மெட்ரோ தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் வருமாம். அதற்கென்று தனிக்குழாய் இழுத்து, சின்ன மோட்டார் வைத்திருந்தாள். போர்த் தண்ணீர் துவைக்கவும் கழுவவும் மட்டும். படுக்கையறையின் மேற்குச் சுவர் சித்திரையில் ராத்திரி பத்து மணிவரை கொதிக்கும். கட்டிலை எதிர்ப்பக்கம் போட்டு, ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டிவிட்டால் தூங்கலாம். மாடி வீட்டுக்காரர் முன்கோபி. ஆனால் நடுநிசியில் காய்ச்சல் என்றால் அவர்தான் காரை எடுப்பார்.

ஒவ்வொரு குறையையும் சொன்ன கையோடு அதற்கான வழியையும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு நகர்ந்தாள்.

கூட வந்திருந்த கணவன் குருபிரசாத் நீரஜாவைப் படுக்கையறைக்குள் இழுத்துப்போனான். “இவ்வளவு உண்மை பேசறவா பெரிசா எதையோ மறைக்கறா. எனக்குத் தெரியும்.”

“ஆடிட்டர் புத்தி” என்றாள் நீரஜா. “நீங்க இதுவரைக்கும் புடிச்ச திருடன் எல்லாம் கணக்கை அழகா எழுதினவன்தானே?”

அவன் வெளியே வந்து விலையைக் கேட்டான்.

“அதெல்லாம் பாய்கிட்டப் பேசிக்குங்க” என்று சுலோச்சனா அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

நீரஜாவுக்கு அதுவும் பிடித்திருந்தது. பின்னாலேயே போனாள். “நாங்க தைக்குள்ள குடிவந்தாகணும்.”

துடைத்துக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது.

“வந்துடலாம்” என்றாள் சுலோச்சனா.

வீடு பார்க்கக் கிளம்பும்போதெல்லாம் நீரஜா கைப்பையில் வெற்றிலை பாக்கு பழம் வாங்கிப் போட்டுக்கொள்வாள். மனதுக்குப் பிடித்தால் தள்ளிப்போடக் கூடாது, அங்கேயே முன்பணம் கொடுத்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. இதுவரை இருபத்திரண்டு முறை வாடிய வெற்றிலையை எடுத்துக் கொட்டியிருக்கிறாள்.

விலையைப் பாஷாவும் குருபிரசாத்தும் வாசலில் நின்று பேசி முடித்தார்கள். குருபிரசாத் உள்ளே பார்த்துத் தலையசைத்தான்.

“ஒரு தட்டு குடுங்கோ” என்றாள் நீரஜா.

வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், மேலே ஆயிரத்தொரு ரூபாய். வீட்டுக்காரம்மாள் கையில் கொடுப்பதுதான் முறை. கிழக்கே பார்த்து நின்று தட்டை நீட்டினாள்.

சுலோச்சனா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“என் கையில வேணாம்மா. ஓனர் சிங்கப்பூர்ல இருக்காரு, அவருக்கு போன் போட்டு பாய்கிட்டக் குடுங்க. நாங்க வாடகைக்கு இருக்கறவங்க. பதினாலு வருஷமா.”

பாஷா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். “வாடகைக்கு ஆள் கீதுன்னு சொன்னா ஒரு பார்ட்டியும் வாசல மிதிக்காது மேடம்.”

நீரஜாவின் பார்வை மேடைமேல் இருந்த டம்ளருக்குப் போனது. ஒரு வாய் குறைந்திருந்தது. அதைக் கொடுத்ததோடு, வழி எதுவும் சொல்லாமல் இவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நீரஜா இந்நேரம் இருபத்துநான்காவது வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள்.

“தைக்குள்ள காலி பண்ணிடறோம். பயப்படாதீங்க” என்றாள் சுலோச்சனா.

பிறகு பாஷாவின் பக்கம் திரும்பினாள்.

“பாய், எனக்கும் ஒண்ணு பாருங்க. பாப்பா பத்தாவது, ஸ்கூலை விட்டு ரொம்பத் தள்ளிப் போகாம. தண்ணி எப்படி இருந்தாலும் பரவால்ல.”