அரை லோடு

"சார், அந்தக்கா உடம்பு வணங்கி வேலையே செய்றதில்ல. மிஷின் பட்டனை ஒரு அமுக்கு அமுக்கிட்டு உக்காந்துடுது. குப்பை அமுங்காம என் லாரியில தினம் பாதி லோடு வெறும் காத்துதான் போகுது!"

சாயங்கால லாரியின் டிரைவர் மேனேஜரிடம் பொரிந்து தள்ளினான்.

அந்த எட்டு மாடிக் கட்டடத்துக் குப்பையைக் காலையில் ஒரு லாரி, சாயங்காலம் ஒரு லாரி அள்ளிக்கொண்டு போகும். செலவைக் குறைக்கத்தான் கீழ்த்தளத்தில் குப்பையை அமுக்கும் மிஷினை வாங்கிப் போட்டிருந்தார்கள். மலை மாதிரிக் குவியும் அட்டையும் பிளாஸ்டிக்கும் சின்னக் கட்டாகச் சுருங்கி வர வேண்டும். எங்கே சுருங்கியது?

டிரைவர் போட்ட கணக்கு வேறு. குப்பை ஒழுங்காக அமுங்கினால் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் போதும். மாசச் சம்பளம்தானே, அது எங்கே போகிறது! மற்ற நாளில் வீட்டில் இருக்கலாம்.

மேனேஜர் அந்த அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏம்மா, மிஷினை முழுசா ஓட்டினா உன் கை தேஞ்சா போயிடும்?"

"தப்புதான் சார்."

 

"இனிமே மிஷின் பக்கமே வராதே. எரிஞ்சு போன டியூப்லைட்டைப் பெட்டியில அடுக்குற வேலையைப் பாரு. ரீசைக்கிள் பண்றவங்க முழுசா இருந்தாத்தான் எடுப்பாங்க. உள்ள பாதரசம் இருக்கு. ஒண்ணு உடைஞ்சாலும் உன் கூலியில பிடிச்சிடுவேன்."

தலையைக் குனிந்தபடி போனாள். அவளைப் பார்த்து டிரைவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டான்.

மிஷினுக்குப் புது ஆள் வந்தான். அது முக்கி முனகும்வரை அமுக்கினான். அடுத்த வாரமே மேனேஜர் டிரைவரைக் கூப்பிட்டார்.

"பலே! நீ சொன்னது சரிதான்ப்பா. மொத்தக் குப்பையும் காலை லாரியிலேயே அடங்கிடுச்சு."

டிரைவருக்கு முகமெல்லாம் பல்.

"அதனால சாயங்கால லாரியை நிறுத்தியாச்சு. நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

"சார்... வீட்டுல அவ நிறைமாசமா இருக்கா சார்."

மேனேஜர் போனை எடுத்து யாரிடமோ பேச ஆரம்பித்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

டியூப்லைட் அறையில் அவள் ஒவ்வொரு குழாயாகப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். டிரைவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"வேலை போச்சுக்கா. உங்களைப் போட்டுக் கொடுத்தேன்ல, அந்தப் பாவம் சும்மா விடுமா?"

அவள் கையிலிருந்த குழாயைப் பார்த்து வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"இது நடக்கும்னு எனக்குத் தெரியும்ப்பா. மிஷின் வந்த அன்னைக்கே மேனேஜர் போன்ல சொல்லிட்டிருந்தாரு, எல்லாம் ஒரு லாரியில அடங்கிட்டா உன் லாரியை நிறுத்திடலாம்னு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா!"

"தலைப்பிரசவத்துக்குப் பொண்டாட்டியை வச்சிருக்கிறவன்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்? குழந்தை பொறக்கிற வரைக்குமாவது உனக்குச் சம்பளம் வரட்டும்னுதான் தினம் மிஷினைப் பாதியிலேயே நிறுத்திட்டிருந்தேன்."